சேற்றில் பழகிய கை பனிக்காட்டுக்குப் போகும்போது

கேட்டிருப்பது இது: கோலாலம்பூர் நண்பர்கள் நான்கு பேர், ஆண்டு இறுதி விடுமுறையில் எட்டு நாள் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போகிறார்கள். உலு லங்காட்டிலும் லோஜிங் பக்கமும் மழைக்காலச் சேற்றில் ஃபோர் வீல் ஓட்டி, ஆற்றோரம் கூடாரம் போட்டுப் பழகியவர்கள். அங்கே வண்டியை வாடகைக்கு எடுத்துப் பனி மூடிய காட்டுப் பாதையில் ஓட்ட வேண்டும், மூன்று இரவாவது கூடாரத்தில் தூங்க வேண்டும். எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஊரில் கற்றதில் பாதியை இங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். சேற்றில் வண்டி மாட்டினால் அவசரம் ஒன்றுமில்லை. கம்பி சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் போடுவோம், மழை விடும்வரை தேநீர் குடிப்போம், இருட்டினாலும் குளிர் ஆளைக் கொல்லாது. பனியில் மாட்டிய நிமிடத்திலிருந்து உடம்புச் சூடு குறைந்துகொண்டே போகும். அப்போது சூட்டுக்காக மனிதர்கள் செய்கிற இரண்டு காரியங்கள், இன்ஜினை ஓடவிடுவதும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைப்பதும்தான், உயிரை எடுக்கின்றன. அதனால் வண்டி எது, டயர் எது என்பதற்கு முன்னால் பகல் வெளிச்சத்தையும் சூட்டையும் சுவாசிக்கும் காற்றையும் கணக்குப் போட்டுத்தான் திட்டம் தொடங்க வேண்டும்.

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் காட்டுப் பாதை டிசம்பரில் திறந்திருக்காது. ஹொக்கைடோவின் வனச்சாலைகளில் பனி விழத் தொடங்கியதும் தடுப்பு போட்டு மூடிவிடுவார்கள். மலைச்சாலைகள் சிலவும் வசந்தம்வரை மூடியே இருக்கும். கைப்பேசி வரைபடம் சில சமயம் அந்த மூடிய சாலை வழியாகவே உங்களை அனுப்பும். சிவப்பு வெள்ளைத் தடுப்பைப் பார்த்தால் வரைபடத்தை நம்பாமல் திரும்பிவிடுங்கள். அடுத்தது, வாடகை ஒப்பந்தங்கள் சாலையை விட்டு இறங்கி ஓட்டுவதைப் பொதுவாகவே தடை செய்கின்றன. இறங்கி மாட்டினால் காப்புறுதி செல்லாது. இழுவைச் செலவு, பழுது, வண்டி ஓடாத நாட்களுக்கான கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். அந்தக் கட்டணம் மட்டுமே பெரும்பாலும் 20,000 அல்லது 50,000 யென். விபத்து எவ்வளவு சிறியதானாலும் 110-ஐ அழைத்துப் போலீசில் பதிய வேண்டும், பதியாவிட்டால் காப்புறுதி கிடையாது.

இதனால் மனம் தளர வேண்டாம். பனி வாரிய பிறகும் வெள்ளையாகவே கிடக்கும் மலைக்கணவாய்ச் சாலைகளும், முகாம் திடலுக்குப் பிரியும் ஒற்றைவழிப் பாதைகளும் உங்கள் கைக்குப் போதுமான வேலை வைக்கும். நிஜமாகவே ஆழ்பனியில் வண்டி இறக்க ஆசை இருந்தால் உள்ளூர்க்காரர்கள் தங்கள் தனி நிலத்தில், தங்கள் வண்டியில் நடத்தும் பனியோட்டப் பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இப்போது வெளிச்சம். கோலாலம்பூரில் டிசம்பரில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சப்போரோவில் டிசம்பர் கடைசி வாரம் சூரியன் எழுவது காலை ஏழு மணி சுமாருக்கு, மறைவது மாலை நான்கு மணிக்கு. கிழக்கே போகப் போக இன்னும் முன்னால். எனவே நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மூன்றரைக்குக் கூடாரம் முழுமையாக நிற்க வேண்டும். பனியை மிதித்துத் தரை தயாரிக்க, அது இறுக, கூடாரம் கட்ட இரண்டு மணி நேரம் தேவை. ஆக, ஒன்றரைக்குத் திடலில் இருக்க வேண்டும். காலையில் பனி தட்டி, கண்ணாடி சுரண்டிக் கிளம்ப எட்டரை ஆகிவிடும். மிச்சம் ஐந்து மணி நேரம். அதில் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு மணி நேரம் கழித்து, பனிச்சாலையில் சராசரி மணிக்கு 35 கிலோமீட்டர் என்று பிடித்தால் நாளுக்கு 140 கிலோமீட்டர். விரைவுச்சாலையில் ஓடும் நாளைத் தவிர, இந்த எண்ணுக்கு மேல் எந்த நாளையும் நீட்டாதீர்கள். 'வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்குக்கு நாலு மணி நேரம்' என்ற நம் ஊர்க் கணக்கு அங்கே வேகாது.

எந்தப் பக்கம் போவது என்பதும் பனியின் குணத்தைப் பொறுத்தது. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மேற்குப் பக்க மலைகளில் பனியாகக் கொட்டுகிறது. அதனால் நிசெக்கோ, அசாஹிகாவா பக்கம் பனி கனமாக விழும். மலை தாண்டிக் கிழக்கே தொக்காச்சி சமவெளியில் பனி குறைவு, வானம் தெளிவு. ஆனால் தெளிந்த வானத்தின் கீழ் தரைச்சூடு இரவில் மேலே போய்விடுவதால் குளிர் அங்கேதான் கடிக்கும். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் மைனஸ் 15, மைனஸ் 20 சாதாரணமாக வரும். அசாஹிகாவாவில் 1902 ஜனவரி 25-ஆம் நாள் பதிவான மைனஸ் 41 டிகிரிதான் இன்றுவரை ஜப்பானின் அதிகாரபூர்வக் குளிர்ச் சாதனை. பனி மூடிய காடு பார்க்க ஃபுரானோ, கமிகாவா பக்கம் போங்கள். முதல் கூடார இரவை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

என் பரிந்துரை இப்படி. முதல் இரண்டு இரவும் தொமாகொமாயில் உள்ள ஆல்டென் முகாம் திடல். நியூ சித்தோசே விமான நிலையத்துக்குப் பக்கம், குளிர்காலத்திலும் திறந்திருக்கிறது, கேபினும் உண்டு. முதல் இரவு கேபினில். இரண்டாம் நாள் முழுக்கப் பயிற்சி, சாமான் வாங்குவது, அன்றிரவு கூடாரம். ஏதாவது தவறினால் நடந்து போகிற தூரத்தில் ஆள் இருக்கும் இடம் அது. மூன்றாம் நாள் ஃபுரானோ, விடுதியில். நான்காம் நாள் கமிகாவா வழியாக சோவுன்கியோ வெந்நீர் ஊற்று ஊர். ஐந்தாம் நாள் 273-ஆம் தேசியச் சாலையில் மிக்குனி கணவாய். 1,139 மீட்டர்; ஹொக்கைடோ தேசியச் சாலைகளிலேயே உயரமான கணவாய் இதுதான். குளிர்காலத்திலும் திறந்திருக்கும் என்றாலும் பனிப்புயல் வந்தால் மூடுவார்கள். இறங்கினால் நுக்காபிரா. ஆறாம் நாள் ஓபிஹிரோ, அங்கே ஸ்னோ பீக் நிறுவனத்தின் தொக்காச்சி பொரோஷிரி திடலில் இரண்டாவது கூடார இரவு. ஏழாம் நாள் விமான நிலையத்துக்குப் பக்கம் திரும்பிவிட வேண்டும், மூன்றாவது கூடார இரவு வேண்டுமென்றால் மறுபடி ஆல்டெனில். விமான நாளன்று காலையில் மலையைத் தாண்டி வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் விமானத்தைத் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் ஓபிஹிரோ பக்கத்து விரைவுச்சாலையும் புயலில் மூடப்படும்.

கூடாரத்துக்கு இடையில் விடுதி வைத்திருப்பது சொகுசுக்காக இல்லை. தூக்கப்பையும் கையுறையும் மூச்சு ஈரத்தில் நனைந்துகொண்டே வரும். இரண்டாவது இரவில் அவை பாதிதான் சூடு பிடிக்கும். ஒரு நாள் அறையில் தொங்கவிட்டு உலர்த்தினால்தான் அடுத்த இரவு தாங்கும். ஆறாம், ஏழாம் இரவுகள் மட்டும் அடுத்தடுத்து வருவதால், நனைந்த பையைக் கணக்கில் வைத்தே ஏழாம் இரவுக் கூடாரத்தை முடிவு செய்யுங்கள்.

ஓட்டுநர் உரிமம்: ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா உடன்பாட்டின் கீழ் அச்சிட்ட அனைத்துலக ஓட்டுநர் அனுமதி. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்தில் ஓராண்டுக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்கலாம். கைப்பேசியில் இருக்கும் மின்னியல் உரிமத்தைக் காட்டி வண்டி எடுக்க முடியாது. அனுமதிப் புத்தகம், மலேசிய உரிமம், பாஸ்போர்ட் மூன்றும் கையில் வேண்டும். இரண்டு பேராவது எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, அந்த மட்டில் நமக்குச் சுலபம்.

வண்டி. நான்கு பேர், குளிர்காலச் சாமான், சுசுகியின் சிறிய ஜீப்பான ஜிம்னி ஒன்றே ஒன்று என்றால் நடக்காது. பின்னிருக்கையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் ஒரு பை வைக்கக்கூட இடம் தேறாது. ஒரு வண்டிதான் என்றால் மிட்சுபிஷி டெலிக்கா டி5 வேன் பொருத்தம். பணம் அனுமதித்தால் இரண்டு ஜிம்னியே மேல், ஒன்று மாட்டினால் இன்னொன்று இழுக்கும். ஹொக்கைடோ வாடகை வண்டிகளில் குளிர்காலத்தில் ஸ்டட்லெஸ் டயர், அதாவது ஆணி இல்லாத பனி டயர், போட்டே தருவார்கள். சேற்றுக்கென்றே செய்த நம் ஊர் மட் டெரெய்ன் டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருந்தாலும் ஐஸ் மேல் உதவாது. அதன் ரப்பர் குளிரில் விறைத்துவிடும், பெரிய கட்டிகளுக்கு ஐஸைக் கவ்வ விளிம்புகள் போதாது. ஸ்டட்லெஸ் டயரின் மென்மையான ரப்பரில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை ஐஸ் மேல் படியும் நீர்ப்படலத்தை உறிஞ்சி விளிம்பால் பிடிக்கின்றன. ஆணி பதித்த டயரைச் சாலைத்தூசி காரணமாக ஜப்பான் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்துவிட்டது. அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. சுழலும் ஸ்டட்லெஸ் டயர்கள் சந்திப்புகளில் ஐஸைத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிடுகின்றன. சிவப்பு விளக்குக்கு முன்னால் உள்ள கடைசி இருபது மீட்டர்தான் நகரத்தில் மிக வழுக்கும் இடம்.

எண்ணாகப் பார்த்தால் பயம் சரியான அளவில் வரும். ஜப்பான் வாகன ஓட்டிகள் சங்கமான ஜாஃப் செய்த சோதனையில் ஸ்டட்லெஸ் டயர் போட்ட வண்டி 40 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டபோது, இறுகிய பனியில் சுமார் 17 மீட்டரில் நின்றது. ஐஸில் 78 மீட்டர் போனது. ஒரே டயர், ஒரே வேகம். ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. நான்கு சக்கரமும் பிடித்து எளிதாகக் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்ற செய்தி உங்களுக்கு வந்தே சேராது. அதனால் பின்னால் வண்டி இல்லாத நேரான இடத்தில் அவ்வப்போது மெல்லப் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் எப்போது துடிக்கிறது என்று கால் தெரிந்துகொள்ளும். ஸ்டியரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, பிறகு திருப்புங்கள். இறக்கத்தில் கியரை முன்கூட்டியே ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். ஐஸில் திடீரென்று தாழ்ந்த கியருக்கு மாறினால் சக்கரம் பூட்டியதுபோல் வழுக்கும்.

பனியில் சாலையோரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஹொக்கைடோவில் தலைக்கு மேல், கம்பங்களில் சிவப்பு வெள்ளை அம்புகள் தொங்கும். அம்பு நுனி காட்டுவது சாலையின் விளிம்பை. அதற்கு வெளியே பனி சமதளமாகத் தெரிந்தாலும் கீழே வடிகால் இருக்கும்.

வண்டிக்குள் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று தானாகவே கைக்கு வரும். ஏறியதும் உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அமுக்கிவிடுவோம். நான்கு பேர் மூச்சும் ஈரக் காலணியும் சேர்ந்து கண்ணாடி ஐந்து நிமிடத்தில் மங்கி, உள்பக்கமே உறையத் தொடங்கும். வெளிக்காற்றை உள்ளே விட்டு, சூட்டோடு ஏர்கானையும் போடுங்கள். ஏர்கான்தான் ஈரத்தை இழுக்கும். ஏறும் முன் காலணிப் பனியைத் தட்டிவிடுங்கள், பெடல் வழுக்குவது அதனால்தான். எல்இடி விளக்குகள் சூடாவதில்லை என்பதால் முன்விளக்கிலும் பின்விளக்கிலும் பனி ஒட்டி வெளிச்சம் மறைந்துபோகும். நிறுத்தும்போதெல்லாம் துடைக்க வேண்டும்.

இரவு நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வையுங்கள். கை பிரேக்கை இழுக்காமல் 'பி'யில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இழுத்த பிரேக் ஈரத்தில் உறைந்து காலையில் விடாது. காலையில் கண்ணாடியில் சுடுநீர் ஊற்றினால் விரிசல் விடும். டயர் காற்று, குளிர்ந்த காலையில் அளந்ததே சரியான அளவு. 30 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ குறைந்துவிடும். சேற்றிலும் மணலிலும் காற்று இறக்குவதுபோல் வாடகை வண்டியில் செய்ய வேண்டாம். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே இருக்கட்டும்.

பெட்ரோல் நிலையத்தில் நிறத்தை நம்பிக் கை நீட்டாதீர்கள். நமக்கு மஞ்சள் என்றால் ரான் 95. ஜப்பானில் சாதாரண பெட்ரோல் சிவப்பு, மஞ்சள் என்பது விலை கூடிய உயர் ஆக்டேன், பச்சை டீசல். டெலிக்காவுக்குப் பச்சை, ஜிம்னிக்குச் சிவப்பு. டீசலில் உள்ள மெழுகு குளிரில் கட்டியாகி வடிகட்டியை அடைக்கும். ஹொக்கைடோ நிலையங்களில் குளிர்காலத்தில் உறையாத ரகம்தான் விற்பார்கள், ஆகவே அங்கேயே எடுத்து அங்கேயே நிரப்பும் வண்டிக்குச் சிக்கல் இல்லை. கிராமத்து நிலையங்கள் சாயங்காலமே மூடும், ஞாயிறு சில திறக்கவே திறக்காது. அரை டாங்க் என்றால் நிரப்பிவிட வேண்டும். சோவுன்கியோவிலிருந்து மிக்குனி தாண்டும்வரை நிரப்ப வழியில்லை, கைப்பேசித் தொடர்பும் இடையிடையே அறுந்துபோகும்.

இனி, மாட்டிக்கொண்டால். சேற்றில் டயரைச் சுற்றவிட்டால் கட்டிகளிலிருந்து சேறு தெறித்துப் பிடி திரும்பக் கிடைக்கும். பனியில் சுற்றவிட்டால் உராய்வுச் சூட்டில் அடியிலுள்ள பனி உருகி உடனே ஐஸாகும். சக்கரம் குழி தோண்டும், வண்டியின் வயிறு பனி மேல் உட்கார்ந்துவிடும். அப்புறம் நான்கு சக்கரமும் தொங்கும். முதல் சுழற்சியிலேயே காலை எடுங்கள். இறங்கி, முதலில் வண்டிக்கு அடியிலுள்ள பனியைத் தோண்ட வேண்டும். எல்லாரும் சக்கரத்தை மட்டும் தோண்டிவிட்டு ஏன் நகரவில்லை என்று நிற்பார்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் இரண்டு மூன்று மீட்டர் பனியை மிதித்து இறுக்குங்கள், இழுவைப் பலகை இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் கால்மிதி. ஸ்டியரிங் நேராக, வழுக்கல் கட்டுப்பாட்டை அணைத்து, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். பலகைக்குப் பின்னால் ஆள் நிற்கக் கூடாது, அது பறக்கும்.

இன்னொரு வண்டியால் இழுக்கும்போது ரப்பர்போல் நீண்டு வெடுக்கென்று இழுக்கும் நம் மீள் கயிற்றை மறந்துவிடுங்கள். வாடகை வண்டியின் திருகி மாட்டும் கொக்கி நேராக, மெதுவாக இழுக்க மட்டுமே. வேகமாக ஓடி இழுத்தால் பிய்ந்து வரும், பிய்ந்த இரும்பு கண்ணாடியைத் துளைக்கும். இழுக்கிற வண்டிக்கும் பிடி வேண்டும். அதன் சக்கரத்துக்குச் சங்கிலி போடுங்கள். சங்கிலியை மாட்டுவது வீட்டுப் போர்டிகோவில் கையுறையோடு நான்கைந்து முறை செய்து பார்த்திருக்க வேண்டிய வேலை. முடியாவிட்டால் ஜாஃப் உதவி எண் #8139. தூரக் காட்டில் ஆள் வர மணிக்கணக்காகும் என்று எண்ணியே காத்திருங்கள்.

காத்திருப்பதில்தான் கொலைகாரன் ஒளிந்திருக்கிறான். 2013 மார்ச் 2-ஆம் நாள் ஹொக்கைடோவின் கிழக்கில் அடித்த பனிப்புயலில் ஒன்பது பேர் இறந்தார்கள். நக்காஷிபெட்சுவில் பனியில் புதைந்த காருக்குள் ஒரு தாயும் பிள்ளைகளும் கார்பன் மோனாக்சைடில் போனார்கள். புகைக்குழாயைப் பனி மூடினால் புகை வண்டிக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, தூக்கம் வருவதுபோல் இருக்கும். ஜாஃப் சோதனையில் பனியில் புதைத்து இன்ஜினை ஓடவிட்ட காருக்குள் 16 நிமிடத்திலேயே அந்த வாயு 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு) ஆனது, அடுத்த ஆறு நிமிடத்தில் 1,000. சன்னலை 5 செ.மீ. திறந்து வைத்த காரிலும் பிறகு அபாய அளவுக்கு ஏறியது. புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றிய காரில்தான் ஏறவில்லை. ஆக, 'சன்னல் கொஞ்சம் திறந்திருக்கிறதே' என்பது பாதுகாப்பு ஆகாது. இன்ஜினை அணைத்துவிட்டுத் தூக்கப்பைக்குள் போவதுதான் முதல் வழி. ஓடவிட்டே ஆக வேண்டுமென்றால் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டுவதும், பனி கொட்டும்வரை கால் மணிக்கு ஒருமுறை திரும்பத் தோண்டுவதும், யாரும் தூங்காமல் இருப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும். மண்வெட்டியும் தூக்கப்பையும் பின்கதவுக்குள் இருந்தால் பனி அந்தக் கதவை அடைத்ததும் எட்டாது. இரண்டையும் இருக்கைப் பக்கம் வையுங்கள்.

கூடாரத்திலும் இதே வாயுதான். தூங்கும் கூடாரத்துக்குள் எரியும் எதுவும் வரக்கூடாது: கேஸ் அடுப்பு வேண்டாம், மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டாம், 'அணைந்துபோன' கரி நிச்சயம் வேண்டாம். சாத்தே சுட்ட கரித்தட்டை மழைக்குத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்கிற நம் பழக்கம் அங்கே ஆளைக் கொல்லும். சாம்பல் பூத்த கரி, தழல் தெரியாமலே மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். மேலே விழும் பனி காற்றுத் திறப்புகளை அடைத்துவிடுவதால் ஊரில் தப்பியது அங்கே தப்பாது. எச்சரிக்கைக் கருவி இரண்டு வாங்கி, படுத்திருப்பவர் தலை உயரத்தில் வையுங்கள். பேட்டரி லித்தியமாக இருக்கட்டும். கருவி இருக்கிறதே என்று அடுப்பை உள்ளே கொண்டுவர அது அனுமதிச் சீட்டு இல்லை.

அப்படியானால் சூட்டுக்கு என்ன செய்வது? மின்சார வசதியுள்ள இடத்தைப் பதிவு செய்யுங்கள். அங்கே 100 வோல்ட், இரண்டு தட்டைக் கால் செருகி. நம் 240 வோல்ட் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் சூடே ஏறாது. மின்கம்பளி அங்கேயே வாங்கலாம். ஒன்றுக்கு 60 வாட் என்றாலும் நான்குக்கு 240 வாட், இணைப்பு தாங்கும். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெட்டில் போட்டால் 1,000 வாட்டைத் தாண்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டு முகாமின் பியூஸைத் தட்டிவிடாதீர்கள்.

மின்சாரம் இல்லாத இரவு தரையிலிருந்து தொடங்குகிறது. தூக்கப்பையின் பஞ்சு உடம்பின் எடையில் நசுங்கி அடியில் சூடு தாங்காது, அந்த வேலை பாயினுடையது. பாய் தரைக்குளிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண் ஆர் மதிப்பு, பாய்களின் ஆர் மதிப்பைக் கூட்டலாம்: மூடிய நுரைப் பாய் 2, காற்றுப் பாய் 4 அல்லது 5, இரண்டும் சேர்ந்து 6-க்கு மேல் வந்தால் மைனஸ் 15 தாங்கும். பையின் அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அனைத்துலகத் தரத்தில் மூன்று எண்கள் உண்டு: சுகமான அளவு, தாங்கும் எல்லை, உயிர் மட்டும் மிஞ்சும் எல்லை. கடையில் காட்டுவது சில சமயம் மூன்றாவது எண். சுகமான அளவு மைனஸ் 15 உள்ளதை எடுங்கள், வாடகைக்கும் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றித் தொடைக்கு இடையே வைத்தால் பெரும்பாலும் விடியும்வரை வெதுவெதுப்பு இருக்கும். முகத்தைப் பைக்குள் இழுக்காதீர்கள், மூச்சு ஈரம் பஞ்சை நனைத்துவிடும்.

கூடாரம், உள்பக்கம் முழுதும் வலையாக உள்ள நம் ஊர் ரகம் கூடாது. தூள்பனி வலை வழியாக முகத்தில் விழும். கீழே தரையில் படியும் துணி விளிம்பு, அதாவது பாவாடை, வைத்தது வேண்டும். தரையை அரை மணி நேரம் மிதித்து, இன்னும் அரை மணி நேரம் விட்டால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். விடாமல் ஏறிப் படுத்தால் இரவில் உடம்பு அச்சில் பள்ளம் விழும். முளைக்குச்சி பனியில் நிற்காது. துணிப்பையில் பனி அடைத்து, கயிறு கட்டி, 30 செ.மீ. ஆழத்தில் புதைத்து மிதியுங்கள்; அரை மணியில் சிமெண்ட்போல் பிடிக்கும். காலையில் அதை எடுக்க மண்வெட்டியே வேண்டும்.

அடுப்பு, கேஸ் பற்றி ஒன்று. சாதாரண கேசட் கேஸ் பெரும்பாலும் பியூட்டேன். அது ஆவியாவது மைனஸ் 0.5 டிகிரிக்கு மேல்தான், அதற்குக் கீழே போனால் புட்டி நிறைய இருந்தும் சுடர் வராது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை, புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர்காலக் கலவை என்று எழுதிய புட்டியைக் கேட்டு வாங்குங்கள். குளிர்ந்த புட்டியை அடுப்பில் காட்டுவதோ கொதிநீரில் வைப்பதோ வெடிக்க வழி. ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்கலாம். காற்றுக்கு மறைப்பு என்று அடுப்பை முழுக்கத் தகடால் சுற்றினாலும் சூடு திரும்பிப் புட்டியைத் தாக்கும். கேஸ் புட்டி எந்த விமானத்திலும் ஏறாது, அங்கேதான் வாங்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

பனியை உருக்கித் தண்ணீர் குடிக்கலாம் என்பது படத்தில் அழகு, கேஸில் நஷ்டம். மைனஸ் 10 பனியை ஒரு லிட்டர் கொதிநீராக்க ஏறக்குறைய 770 கிலோஜூல் வேண்டும். அடுப்புச் சூட்டில் பாதி வீணாகும் என்று பிடித்தால் 35 கிராம் கேஸ். 250 கிராம் புட்டி ஏழு லிட்டரோடு தீரும். குழாய்த் தண்ணீரை 20 லிட்டர் பிடித்து வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் புட்டிகளைத் தலைகீழாக வைத்தால் மேற்பரப்பில் உறையும் ஐஸ் மூடியில் பிடிக்காது.

சாப்பாட்டில் இறைச்சி சேர்ந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோகாதீர்கள். செருண்டிங் என்ற உலர்ந்த இறைச்சித் துருவல், பொட்டலக் கறி எல்லாம் அதில் அடங்கும். பச்சை மிளகாய், புதிய கறிவேப்பிலை, மாம்பழமும் வேண்டாம். ரசப்பொடி, மஞ்சள், மிளகு, மைலோ போதும். இரவு எட்டு மணிக்கு ஒரு குவளை மிளகு ரசம், படுக்கும் முன் நெய்யும் வேர்க்கடலையும் சேர்ந்த ஏதாவது ஒன்று. கொழுப்பு மெல்லச் செரிப்பதால் நடுஇரவில் உடம்பு சூடாக இருக்கும்.

உடையில் ஒரே விதி: வேர்க்கக் கூடாது. தோண்டும்போது ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், நின்றதும் போடுங்கள். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் வீட்டில் இருக்கட்டும். நனைந்தால் காயாது. காலணி அரை அளவு பெரியதாக, ஒரே கம்பளிக் காலுறையோடு. இரண்டு காலுறையை இறுக்கித் திணித்தால் ரத்தம் ஓடாமல் விரல் விறைக்கும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டு முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டு, தலைவிளக்கு வெளிச்சத்தில், தடித்த கையுறை போட்டுக்கொண்டு கூடாரத்தைக் கட்டிப் பாருங்கள். கையுறையோடு மாட்ட முடியாத கொக்கி, இழுக்க முடியாத ஜிப் எது என்று தெரியும். அதில் நூல் வளையம் கட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் முடிக்கும்வரை திரும்பச் செய்யுங்கள்.

திரும்பி வந்த இரவு எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கூடாரத்தைப் பையிலிருந்து எடுத்து மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடுங்கள். மடிப்பில் ஒட்டி வந்த ஐஸ் நம் ஊர் வெக்கையில் உருகி, சில நாளிலேயே கறுப்புப் பூஞ்சையாகிவிடும்.